பதிவேட்டில் பெயரில்லாத பையன்

அந்தமானில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். சென்னையில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே விளக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால் பிள்ளைகள் விளையாடுகிற நேரமும் குறைவு. பள்ளி விட்டதும் பையை வீட்டில் வீசிவிட்டு ஓடிவருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

அப்படி ஒரு மாலையில் டாலிகஞ்சில் நாம் ஒரு பையனைப் பார்த்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. திறந்த இடம் ஒன்றில் இருபது பையன்கள் சேற்றோடு சேறாகக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தமிழ், வங்காளி, தெலுங்கு, ராஞ்சிக்காரர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக அந்தமான் இந்தியில் கூச்சல். அவர்களில் இடது காலால் பந்தைத் தட்டிக்கொண்டு போன ஒருவனை மற்றவர்கள் மூன்று பேராகச் சேர்ந்தும் மறிக்க முடியவில்லை. வயது பதினாறு இருக்கும்.

"எந்த ஸ்கூல் தம்பி?" என்று கேட்டோம்.

அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன்தான் சொன்னான்: "அவன் ஸ்கூலுக்குப் போறதில்லே அங்கிள். வீட்டிலேதான் படிக்கிறான். அதனாலேதான் டீமிலே சேர்க்கலே."

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தச் சிறுவன் சொன்ன மூன்று வாக்கியங்கள்தான்.

படிப்பை விடவில்லை

பையனின் தந்தை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். இடையில் இரண்டு ஆண்டுகள் ஒப்பந்த வேலைக்காகக் குடும்பத்தோடு வடக்கே ரங்கத் பகுதிக்குப் போயிருக்கிறார். போன இடத்தில் பையனின் படிப்பு இடையிலே அறுந்துபோயிற்று. திரும்பி வந்தபோது கல்வியாண்டு பாதி கடந்திருந்தது. வயதுக்கும் வகுப்புக்கும் பொருந்தவில்லை, அடுத்த ஆண்டு வாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா ப்ளஸ் டூ வரை படித்தவர். ஓர் ஆண்டு வீணாக வேண்டாம் என்று பையனைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டுத் தாமே வீட்டில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பையனுக்கும் அது பிடித்துவிட்டது. காலையில் பாடம், மத்தியானம் அப்பாவுக்கு உதவி, மாலையில் பந்து.

"படிப்பை விடலை சார். ஸ்கூலைத்தான் விட்டான்" என்றார் தந்தை.

பள்ளி ஒன்றில் அவனைப் பயிற்சி ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிர் அணிக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டவர்கள், அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் தொடர்ந்து வரச்சொல்லியிருக்கிறார்கள். பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்கு 17 வயதுக்கு உட்பட்டோர் அணியின் பெயர்ப் பட்டியல் எழுதும் நாள் வந்தது. படிவத்தில் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம், அட்மிஷன் நம்பர். அதற்கு எழுத எதுவும் இல்லை. பேனா நின்றுவிட்டது.

"பயிற்சிக்கு உள்ளே நிறுத்தினாங்க, பேர் எழுதுற அன்னிக்கு வெளியே நிறுத்திட்டாங்க" என்று அந்தத் தாய் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

பந்து மட்டுமா?

விளையாட்டுத்தானே, போனால் போகிறது என்று சிலர் நினைக்கலாம். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

நம் நாட்டில் பள்ளி விளையாட்டுகளை நடத்துவதற்கென்று 1954-ல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு தோன்றியது. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகளில் போட்டிகள் நடக்கின்றன. பள்ளியில் ஆரம்பித்து, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, தேசியப் பள்ளி விளையாட்டுகள் வரை போகிற ஏணி அது. யூனியன் பிரதேசமான அந்தமானும் அந்த ஏணியில் ஒரு படி.

அந்த ஏணியின் உச்சியில் கிடைப்பது பதக்கம் மட்டுமல்ல. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேரத் தகுதியானவர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நாட்டுக்காக ஆடியவர்கள், மாநிலத்துக்காக ஆடியவர்கள், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் ஆகியோரோடு, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போதும் இந்தச் சான்றிதழ்தான் கைகொடுக்கிறது.

ஆகவே அட்மிஷன் நம்பர் இல்லாத பையன் இழப்பது ஒரு மாலை நேர ஆட்டத்தை அல்ல. ஒரு பிட்டரின் மகன் அரசு வேலைக்குப் போகக்கூடிய ஒரு வழியை இழக்கிறான்.

வீட்டில் படிப்பவர் யார்?

'வீட்டிலேயே படிக்கும் பிள்ளை' என்றதும், வசதியுள்ள பெற்றோர் பள்ளி முறையே பிடிக்காமல் பிள்ளையைத் தனியாக வளர்க்கிறார்கள் என்ற எண்ணம்தான் பலருக்கும் வருகிறது. பெருநகரங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் அவர்கள் அல்ல.

1979-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒரு சோதனை முயற்சியாகத் திறந்தவெளிப் பள்ளியைத் தொடங்கியது. 1989 நவம்பரில் அது தேசியத் திறந்தவெளிப் பள்ளி என்ற தனி நிறுவனமாயிற்று. 2002-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கும், பதினைந்து வயது நிறைந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. ஒரே மூச்சில் எழுத முடியாதவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம்.

இந்த வசதி யாருக்காக? படிப்பை இடையில் விட்டவர்களுக்காக, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்காக, உடல் ஊனமுற்றோருக்காக, தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களுக்காக, ஊர் ஊராக மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக. அந்தமானில் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளில் இந்த வகையினர் எத்தனை பேர் என்று வாசகர்கள் தங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. தவறினால் தண்டனை என்று எதையும் விதிக்கவில்லை. நம் பையனோ பதினான்கைத் தாண்டியவன். அரசே நடத்தும் நிறுவனத்தில், அரசே அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பவன். அவனைப் பள்ளிக்கு வெளியே நிற்பவன் என்று சொல்லலாம். படிப்புக்கு வெளியே நிற்பவன் என்று சொல்ல முடியாது.

மறுபக்கம்

இதே கேள்வியைப் பல ஆண்டுகள் பள்ளி அணிகளைத் தயார் செய்த ஒரு தேகப்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டோம். அவர் கதவை அடைக்கிற மனிதர் அல்ல. ஆனாலும் தலையை அசைத்தார்.

"சார், அட்மிஷன் நம்பர் கேட்பது திமிருக்காக அல்ல. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளியும் ஊரில் நன்றாக ஆடுகிறவனை எல்லாம் இழுத்து வந்து தன் சட்டையை மாட்டிவிடும். மீசை முளைத்தவன் எல்லாம் பதினாறு வயது என்பான். பள்ளிப் பதிவேடு ஒன்றுதான் எங்களுக்கு வேலி" என்றார்.

நியாயமான பேச்சு. வயதைக் குறைத்துக் காட்டி ஆடுவது நம் நாட்டு இளையோர் விளையாட்டில் தீராத நோய். எலும்பின் வளர்ச்சியைப் படம் பிடித்து வயதைக் கணிக்கும் பரிசோதனை வரை போகவேண்டிய நிலைமை வந்ததே அதனால்தான். தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த சான்று கட்டாயம் என்று ஆனதற்கும் அதுவே காரணம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "தீவிலிருந்து அணியைக் கூட்டிக்கொண்டு போவது சாதாரணமா? சென்னைக்கே 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் போனால் மூன்று நாள். அப்புறம் ரயில். வழியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பதில் சொல்லவேண்டியது நான். என் பள்ளிப் பிள்ளை என்றால் அவன் வீடு தெரியும், குணம் தெரியும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு யார் பொறுப்பு?"

இதையும் தள்ளிவிட முடியாது. 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குப் பள்ளி விளையாட்டுகளுக்காகச் சென்ற இந்தியச் சிறுமிகள் கடற்கரையில் அலையில் சிக்கி, ஒருத்தி உயிரிழந்தாள். பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அந்தத் துயரம் எல்லாருக்கும் உணர்த்தியது.

மூன்றாவது குரல் ஒரு தாயினுடையது. அவர் மகன் அதே வட்டாரத்தில் பள்ளிக்குப் போகிறவன்; அணியில் மாற்று ஆட்டக்காரன். "என் பையன் காலையிலே ஏழு மணிக்குச் சட்டை மாட்டிக்கிட்டுப் போறான். ஹோம் ஒர்க், டெஸ்ட், திட்டு எல்லாம் வாங்கிக்கிட்டு அப்புறம் ஆடறான். வீட்டிலே இருக்கிற பையன் நாள் முழுக்கப் பந்தோட கிடந்துட்டு வந்து என் பிள்ளை இடத்தை எடுத்துக்கிட்டா அது நியாயமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் இந்த வழக்கை ஜெயிக்க முடியாது.

அமெரிக்காவில் நடந்தது

இதே வழக்கு அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள். அவர்கள் அரசுப் பள்ளி அணியில் ஆடலாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம்.

புளோரிடா மாநிலம் 1996-ல் 'ஆடலாம்' என்று சட்டம் செய்தது. ஆனால் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கிவிடவில்லை. பிள்ளை மாவட்ட விதிப்படி தான் சேரத் தகுதியுள்ள பள்ளிக்கு ஆடலாம். படிப்பில் முன்னேறுகிறான் என்று காட்டவேண்டும். நடத்தையிலும் திறமையிலும் மற்ற மாணவர்களுக்கு உள்ள அதே அளவுகோல். பருவம் தொடங்கும் முன்பே ஆட விரும்புவதைப் பள்ளிக்குத் தெரிவிக்கவேண்டும். இவைதான் நிபந்தனைகள்.

அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர் டிம் டீபோ. வீட்டிலேயே படித்தவர். நீஸ் என்ற அரசு உயர்நிலைப் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடி, 2005-ல் அந்தப் பள்ளிக்கு மாநிலச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். 2007-ல் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையைப் பெற்றார். அதன் பிறகு மற்ற மாநிலங்களில் கொண்டுவரப்பட்ட இப்படிப்பட்ட மசோதாக்களுக்கு 'டீபோ மசோதா' என்றே பெயர் வந்துவிட்டது.

ஆனால் டீபோவின் கதையிலேயே எதிர்ப்பாளர்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு ஆடுவதற்காகவே அவரும் தாயாரும் அந்தப் பள்ளி உள்ள மாவட்டத்தில் தனியே ஓர் அபார்ட்மெண்டில் குடியேறினார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு எந்தப் பள்ளியையும் தேர்ந்துகொள்கிற சலுகையா என்று கேட்டார்கள். விர்ஜினியா மாநிலத்தில் சட்டசபை நிறைவேற்றிய டீபோ மசோதாவை ஆளுநர் மெக்காலிஃப் 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளும் நிராகரித்தார். பள்ளி மாணவருக்குப் படிப்பில் இத்தனை நிபந்தனை இருக்கும்போது, அவை எதுவும் பொருந்தாதவர்கள் அதே அணியில் எப்படி ஆடலாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். டெக்ஸாஸ் மாநிலமோ 2021-ல் சட்டம் செய்து, அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம் என்று விட்டது.

இந்த நீண்ட சண்டையிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். அனுமதித்த இடத்தில் எல்லாம் நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். நிபந்தனைகள் தெளிவாக இருக்கும் இடத்தில் வேலியும் நிற்கிறது, கதவும் திறக்கிறது.

நம் நாட்டிலும் திறந்த கதவுகள்

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மருத்துவப் படிப்பை எடுத்துக்கொள்வோம். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் தேர்வு எழுதக்கூடாது என்று 2018-ல் விதி வந்தது. அதே ஆண்டு மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை அடித்துவிட்டது. 2024-ல் சுப்ரீம் கோர்ட்டிலும் அந்தப் பிரச்னை மாணவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்த பிள்ளை டாக்டராகலாம். ஆனால் பள்ளி அணியில் கோல்கீப்பராக நிற்கமுடியாது என்றால், கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்களா?

விளையாட்டிலேயே இன்னொரு உதாரணம். 2018-ல் டில்லியில் முதன்முதலாக நடந்தபோது அதன் பெயர் 'கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகள்'. அடுத்த ஆண்டு புனேயில் நடந்தபோது 'கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள்' என்று மாறிவிட்டது. 17 வயதுக்கு உட்பட்டோர், 21 வயதுக்கு உட்பட்டோர் என்று இரண்டு பிரிவுகள் வந்தன. பள்ளி என்ற சொல் பெயரிலிருந்தே போயிற்று, வயது அளவுகோலாயிற்று.

சதுரங்கத்தில் நம் சென்னைப் பிள்ளை குகேஷை எல்லாரும் அறிவார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டாவது வயதில் உலகச் சாம்பியன் ஆனவர். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் மற்றப் பிள்ளைகளைப் போல் தினமும் பள்ளிக்குப் போகவில்லை. ஆனாலும் சென்னையில் அவர் பெயர் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பள்ளி அவரைத் தன் பிள்ளை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அதில் தவறில்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்று யோசிக்கவேண்டும். பதிவேட்டில் பெயர் இருந்து வகுப்புக்கு வராத பிள்ளைக்கு இடம் உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லாமல் வீட்டில் ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைக்கு இடமில்லை. அப்படியானால் நாம் காப்பாற்றுவது படிப்பையா, பதிவேட்டையா?

தீவில் ஒரே கதவு

சென்னையில் ஒரு பையனைப் பள்ளி அணியில் சேர்க்காவிட்டால் அவன் வேறு இடம் பார்த்துக்கொள்வான். தனியார் அகாடமி, கிளப் லீக், மாநகராட்சி மைதானம் என்று பத்து வழிகள் உண்டு. தீவில் அப்படி இல்லை. 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் முழுவதற்கும் மக்கள் தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் பல தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் நேதாஜி ஸ்டேடியம் இருக்கிறது. விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் முன் ஒரு பிள்ளையை யாராவது பார்க்கவேண்டுமே! பார்க்கிற இடம் பெரும்பாலும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிதான். அந்தக் கதவு மூடினால் அடுத்த கதவுக்குக் கடலைத் தாண்டவேண்டும்.

இந்தத் தீவுகளில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கார் நிக்கோபாரில் மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் பிழைத்துக் கிடந்த ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனையானார். 2018-ல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பனும் நிக்கோபார் பிள்ளைதான். சைக்கிளில் உலக அளவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிள்ளையைப் பார்க்காமல் விடுவது யாருக்கு நஷ்டம்?

டிக்கெட் விலை என்ன?

பேச்சின் முடிவில் அந்தத் தேகப்பயிற்சி ஆசிரியரிடம், "பள்ளி மைதானம் அந்தப் பையனுடைய அப்பா கட்டிய வரியிலும் உண்டானதுதானே?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அரசு பஸ்ஸும் வரிப்பணத்தில்தான் ஓடுகிறது. அதற்காக டிக்கெட் வாங்காமல் ஏறமுடியுமா?" என்றார்.

சரியான உவமை. ஆனால் பஸ்ஸில் டிக்கெட்டுக்கு விலை எழுதியிருக்கிறது, கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறார்கள். இந்தப் பையனுக்கு விலையே சொல்லப்படவில்லை. அவன் இலவசமாக ஏறவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விலையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

நமக்குத் தோன்றுகிற விலை இது. முதலாவது, திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்துகொண்ட பிள்ளை தன் வீட்டுக்கு மிக அருகிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றுக்கு மட்டுமே ஆடலாம். பள்ளியும் அவனைப் பொறுக்கி எடுக்கமுடியாது, அவனும் பள்ளியைப் பொறுக்கி எடுக்கமுடியாது. இரண்டாவது, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே விளையாட்டுக்கென்று ஒரு தனிப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறவேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் திடீரென்று யாரையும் சேர்க்கக்கூடாது. மூன்றாவது, வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், சந்தேகம் வந்தால் மருத்துவப் பரிசோதனை. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. நான்காவது, படிப்பு நடக்கிறது என்பதற்குத் தேர்வுப் பதிவும் மதிப்பெண்ணும் காட்டவேண்டும். ஐந்தாவது, பயிற்சிக்கு மற்றவர்களைப் போல் தவறாமல் வரவேண்டும்; ஆசிரியர் சொல்லுக்குக் கட்டுப்படவேண்டும்; வெளியூர்ப் பயணத்துக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்து, காப்பீடும் எடுக்கவேண்டும்.

இதில் ஆசிரியர் சொன்ன வேலியும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

அந்தத் தாயின் கேள்வி மிச்சமிருக்கிறது. தன் மகனின் இடத்தை வீட்டில் படிக்கும் பையன் எடுத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டாரே! நாளைக்கே சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு அதிகாரியின் பிள்ளை மாற்றுச் சான்றிதழோடு வந்து அதே பள்ளியில் சேர்ந்து, நன்றாகவும் ஆடினால், அப்போதும் யாரோ ஒருவனுடைய இடம் போகத்தான் செய்யும். அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் அணியில் இடம் என்பது காலை ஏழு மணிக்குச் சட்டை மாட்டியதற்குக் கூலி அல்ல. ஆட்டத்துக்குக் கிடைக்கிற இடம். ஆனாலும் அந்தத் தாயின் வருத்தத்தில் உண்மை இருப்பதால், ஓர் அணியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒருவர் அல்லது இருவருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி என்பதால் கிடைக்கும் உரிமையை அது காப்பாற்றும்.

நாமும் செய்யலாம்

விதியை மாற்றுவது டில்லியில் நடக்கவேண்டிய காரியம். அது வரும்வரை கை கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கவும், பொங்கல் விழா நடத்தவும் நம்மவர் அந்தமானில் கூடுகிறார்கள். கைப்பணத்தைப் போட்டுச் செலவு செய்கிறார்கள். அதே கைகள் சேர்ந்து, பள்ளிப் பதிவேடு கேட்காத, பிறப்புச் சான்றிதழ் மட்டும் கேட்கிற இளையோர் போட்டி ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை நடத்தினால் என்ன? தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்கவேண்டாம். டாலிகஞ்ச் மைதானத்தில் ஆடுகிறவர்கள் அப்படிப் பிரிந்து ஆடவில்லை. பயிற்சி மையத்துக்காரர்களை வந்து பார்க்கச் சொன்னால் போதும். பள்ளிக்குப் போகிற பிள்ளையும் போகாத பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று அவர்கள் கண்ணில் படுவார்கள்.

இன்னொன்று, பெற்றோருக்கு. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மீண்டும் பள்ளியில் சேர வாய்ப்பிருந்தால், விளையாட்டு ஆசையுள்ளவன் அதைத் தள்ளிவிடக்கூடாது. விதி நியாயமில்லை என்று சொல்லிக்கொண்டே பதினேழு வயதைத் தாண்டிவிட்டால், பிறகு விதி மாறியும் பயனில்லை. விளையாட்டில் வயது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நாம் விடைபெற்றபோது இருட்டிக்கொண்டு வந்தது. பந்து கண்ணுக்குத் தெரியாத நேரம். மற்றப் பையன்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாளைக்குப் பரீட்சை இருக்கிறதாம். அவன் மட்டும் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை இடது காலால் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்பத் தம்பி பரீட்சை?" என்று கேட்டோம்.

"எனக்கும் இருக்கு சார். அக்டோபர்லே" என்றான். "பாஸாயிடுவேன். ஆனா அடுத்த பிப்ரவரியிலே எனக்குப் பதினேழு முடிஞ்சிடும்."

அட்மிஷன் நம்பர் கேட்டு நின்ற பேனாவை மறுபடி எடுக்க, பெரியவர்களுக்கு அதுவரைதான் அவகாசம் இருக்கிறது.